பின் ஆணி வெளியே தெரியாம கத்திப் பிடிக்குக் கட்டை ஒட்டுறது எப்படி?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச அடுக்களைக் கத்தி ஒண்ணு கையில இருக்கு. அலகு 7 இஞ்ச், சாணை பிடிச்சு முடிஞ்சாச்சு, பிடி மட்டும் பாக்கி. பிடிக்குள்ள வர்ற டாங் முழு அகலத்துக்கும் இருக்கு. நீளம் 115 மிமீ, அகலம் 24, கனம் 3.5. அதுல 4 மிமீ ஓட்டை ரெண்டு, பட்டறையிலயே தோய்ச்சலுக்கு (காய்ச்சி முக்கிக் கடினமாக்குறதுக்கு) முன்னால போட்டது.

ரெண்டு பக்கமும் வைக்க ஈட்டிக் கட்டை 10 மிமீ கனத்துல அறுத்து வச்சிருக்கேன், பழைய கட்டில் கால்ல இருந்து எடுத்தது. கூடவே பழைய வீட்டு ஓட்டுக்கூரையில இருந்து இறக்குன பனங்கைத் துண்டும் கிடக்கு. எது நல்லதுன்னு சொன்னா அதை எடுத்துக்கிடுதேன்.

பித்தளை ரிவிட் தலை வெளியே தெரிய வேண்டாம், மரம் மட்டும் தெரியணும். கேள்வி இதுதான்: அரால்டைட் மட்டும் போட்டு ஒட்டுனா நிக்குமா? உள்ளுக்குள்ள பின் வைக்கணும்னா, கட்டையை முழுசா துளைக்காம ரெண்டு பக்கமும் ஓட்டை நேரா வர்ற மாதிரி எப்படிப் போடுறது? தினமும் தண்ணியில கழுவுற கத்தி. பெஞ்ச் ட்ரில் கிடையாது, கை ட்ரில்தான்.

---

லேத்துக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, பசை மட்டும் போட்டா ஒட்டும், ரொம்ப நாள் நிக்காது. அரால்டைட் மாதிரி எப்பாக்சிப் பசை நீளவாக்குல தள்ளுற விசைக்கு அசையாது. ஓரத்துல நகத்தை விட்டு உரிக்கிற மாதிரி விசை வந்தாத்தான் அதுக்குப் பலவீனம். கத்தி கை தவறி சிமெண்டுத் தரையில விழும்போதும், மரம் ஈரத்துல ஊதி ஓரம் தூக்கும்போதும் வர்றது அந்த உரிக்கிற விசைதான். முன் நுனியிலயும் பின் நுனியிலயும் முதல்ல விடும், அப்புறம் தண்ணி உள்ளே போய் இரும்பு துருப்பிடிச்சு மீதியையும் தள்ளிவிட்டுரும். அதனால ரெண்டு நுனிக்கும் பக்கத்துல மறைபின், அதாவது கட்டைக்குள்ளயே மறைஞ்சு நிக்கிற பின், கட்டாயம் வேணும். முன்னால கட்டை ஆரம்பிக்கிற இடத்துல இருந்து 12 மிமீக்குள்ள ஒண்ணு, பின்னால 15 மிமீக்குள்ள ஒண்ணு, நடுவுல ஒண்ணு. உங்ககிட்ட இருக்கிற ரெண்டு ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க. நடுவுல ரெண்டும் கூடி இருந்தா பிரயோசனம் கம்மி.

புது ஓட்டை போட முடியுமான்னு தெரியணும்னா டாங் மேல ஒரு பழைய அரத்தை வச்சு இழுத்துப் பாருங்க. கடிச்சா இரும்பு துளைக்கிற சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்டே போதும், மெதுவா எண்ணெய் விட்டுப் போட்டுக்கிடலாம். நம்ம பக்கத்துப் பட்டறைகள்ல பெரும்பாலும் வெட்டுற ஓரத்தை மட்டும்தான் தோய்ப்பாங்க, டாங் மெதுவாத்தான் இருக்கும். அரம் வழுக்குச்சுன்னா, அலகை ஈரத்துணியில சுத்தித் தண்ணியில முக்கி வச்சுக்கிட்டு டாங்கை மட்டும் கேஸ் டார்ச்சுல நீல நிறம் தாண்டிச் சாம்பல் நிறம் வர்ற வரைக்கும் சூடாக்கி, தானா ஆற விடுங்க. இல்லைன்னா கார்பைடு பிட்டு. அதுல கை ட்ரில் ஆட்டம் கொடுத்தா பிட்டு ஒடிஞ்சிரும்.

பின்னோட 4 மிமீ ஓட்டைகள் போக, டாங்ல 6 மிமீ ஓட்டை மூணு கூடுதலாப் போடுங்க. அதுல பின் எதுவும் வராது. பசை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு வழிஞ்சு, இறுகுன பிறகு அதுவே ஒரு ஆணி மாதிரி ரெண்டு கட்டையையும் பிடிச்சுக்கிடும். எடையும் கொஞ்சம் குறையும்.

இப்போ அளவு. கட்டை 10 மிமீ, உருவம் எடுத்த பிறகு நடுவுல 8 மிமீ நிக்கும்னு வச்சுக்கிடுவோம். பின் டாங்கை விட்டு ஒவ்வொரு பக்கமும் 4 மிமீ நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்போ பின் நீளம் 4 + 3.5 + 4 = 11.5 மிமீ. கட்டையில ஓட்டை பிட்டு நுனி வரைக்கும் 5.5 மிமீ. 4 மிமீ பிட்டுல கூம்பு மட்டும் 1.2 மிமீ போயிரும். அதனால முழு விட்டத்துக்கு கிடைக்கிறது 4.3 தான், பின் முட்டாம உக்காரும். உருவம் எடுத்த பிறகு ஓட்டைக்கு மேல 2.5 மிமீ மரம் மிஞ்சும். அதைவிடக் குறைச்சா, ஈட்டி மாதிரி எண்ணெய் போட்டு மெருகேத்துற மரத்துல ஒரு நாள் இல்லைன்னா ஒரு நாள் வட்டமா நிழல் தெரியும்.

பின் எப்பவும் பிடியோட நடுக்கோட்டுலயே வரணும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் உருட்டும்போது 3 மிமீ, 4 மிமீன்னு மெலிஞ்சுரும். அங்க பின் வச்சா அரம் போடும்போது பித்தளை எட்டிப் பார்க்கும், பிறகு சரிசெய்ய வழியில்ல.

ஓட்டை நேரா வர்றதுக்குத் தனி அளவெடுப்பே வேண்டாம். டாங்கே உங்களுக்கு அச்சு. இடது கட்டை மேல டாங்கை வச்சு ரெண்டு சி-கிளாம்ப் போட்டு, டாங்ல இருக்கிற 4 மிமீ ஓட்டை வழியாவே 4 மிமீ பிட்டை இறக்குங்க. 3.5 மிமீ இரும்பு + 5.5 மிமீ மரம், ஆக பிட்டு நுனியில இருந்து 9 மிமீல இன்சுலேஷன் டேப்பைத் தடிமனா சுத்தி ஒரு அடையாளம். டேப்பை விட ஸ்டாப் காலர் (பிட்டுல மாட்டித் திருகுற வளையம்) நல்லது, டேப் இறங்கி நகர்ந்துரும். அப்புறம் கத்தியைத் திருப்பி, வலது கட்டைக்கு இடது பக்கத்துல இருந்து இதே வேலை. எந்தக் கட்டை எந்தப் பக்கம்னு உள்முகத்துல பென்சில்ல எழுதி வைங்க. இரும்பு ஓட்டை வழிகாட்டுறதால கை ட்ரில் ஆனாலும் சாயாது. ஆனா அழுத்தாம, பிட்டுத் தன் எடையில இறங்குற மாதிரி விடுங்க, கடைசி 2 மிமீல கண்டிப்பா.

எல்லா ஓட்டையும் போட்ட பிறகு, கட்டையில உள்ள ஓட்டையை மட்டும் 4.5 மிமீ பிட்டுல விரலால திருகி லேசா அகலப்படுத்துங்க. மரத்துல ஓட்டை பின்னுக்கு இறுக்கமா இருக்கவே கூடாது. பசை எங்க நிக்கும்? அதுமட்டுமில்ல, இறுக்கமான மூடிய ஓட்டைக்குள்ள பசையோட பின்னைத் தள்ளுனா, காத்தும் பசையும் வெளியேற வழியில்லாம பம்பு மாதிரி அழுத்தி, ஒண்ணு கட்டை டாங்கை விட்டு அரை மிமீ தள்ளி நிக்கும், இல்ல மேல இருக்கிற மெல்லிய மரம் விரியும். பின்னோட நீளத்துக்கு அரத்து விளிம்பால ஒரு கோடு ஆழமா இழுத்து விடுங்க, காத்து அது வழியா வரும். குறுக்கால ரெண்டு மூணு இடத்துல ரம்பத்தால கீறி விட்டா உருவுற விசைக்கும் நிக்கும். வழுவழுப்பான பித்தளைக் கம்பியை அப்படியே வச்சா பசையில இருந்து உருவிக்கிட்டு வந்துரும். மறைபின்னுக்குத் தலை கிடையாதுல்லா, இந்தக் கீறல்தான் தலை.

---

பொருநைக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அரம் போட்டுப் பார்த்தேன், டாங்ல கடிக்குது. அப்போ முன்னால ஒரு ஓட்டை நானே போட்டுக்கிடுதேன். பசை இறுகுறதுக்கு எவ்வளவு நேரம் விடணும்? கிளாம்ப் எவ்வளவு இறுக்கணும்? 5 நிமிஷப் பசை ஒண்ணும் வீட்டுல இருக்கு, அது ஆகாதா?

---

ஆசாரிப்பட்டறை எழுதியது:

5 நிமிஷப் பசை இதுக்கு ஆகாது. வேகமா இறுகுறது தண்ணிக்கும் அதிர்ச்சிக்கும் தாங்குறது குறைவு, அதோட ரெண்டு கட்டை, மூணு பின், துடைக்கிறதுன்னு வேலை முடியும் முன்னாலயே கெட்டியாயிரும். ஃபெவிக்விக் வகையறாவும் வேண்டாம், உறைஞ்சா கண்ணாடி மாதிரி நொறுங்கும். வெள்ளைப் பசை இரும்புல பிடிக்கவே பிடிக்காது. எம்-சீல் ஓட்டை அடைக்கிறதுக்கு, இதுக்கில்ல.

அரால்டைட் ஸ்டாண்டர்டு, மெதுவா இறுகுறது, அதுதான் சரி. அளவு கண்மதிப்புல ஒண்ணுக்கு ஒண்ணு. சமையல் தராசு இருந்தா எடைக் கணக்கு வேற: பிசின் 10 கிராமுக்கு ஹார்டனர் 8 கிராம். உங்க பிடிக்கு ரெண்டும் சேர்த்து 8 கிராம் கலந்தா தாராளம். 2, 3 கிராம்னு கலக்காதீங்க, அந்த அளவுல தராசு கால் கிராம் தப்புனாலும் விகிதம் கெட்டுரும், பசை நாள்கணக்கா பிசுபிசுன்னே கிடக்கும். பழைய தட்டுல போட்டு, ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு 3 நிமிஷம் கலக்கணும். நிறக்கோடு தெரியக்கூடாது.

டப்பாவுல போட்டிருக்கிற நேரம் 25 டிகிரி வெயிலுக்கு உள்ள கணக்கு. 10 டிகிரி கூடுனா வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். திருநெல்வேலியில சித்திரை, வைகாசி மதியத்துல ஓட்டு வீட்டுக்குள்ளயே 36, 37 இருக்கும், ஒன்றரை மணி நேரம்னு நினைச்சது முக்கால் மணியில கயிறு மாதிரி இழுக்க ஆரம்பிச்சுரும். குவியலா வச்சா தன் சூட்டுலயே இன்னும் சீக்கிரம் போகும், தட்டுல பரப்பி வைங்க. காலையில 7 மணிக்கு முன்னால ஒட்டுங்க.

கிளாம்ப் விஷயத்துல எல்லாரும் தப்பு பண்ணுற இடம் ஒண்ணு உண்டு. மர வேலையில கட்டைக்குக் கட்டை ஒட்டும்போது நல்லா முறுக்குவோம். எப்பாக்சிக்கு அது விஷம். முறுக்குனா பசை பூரா வெளியே வந்து, நடுவுல இரும்பும் மரமும் வெறும் வயித்தோட நிக்கும். விரல் பலத்துல இறுக்குனா போதும், கட்டை சேர்ந்துருச்சுன்னு தெரிஞ்ச உடனே நிறுத்திருங்க. 3 கிளாம்ப், நடுவுல ஒண்ணு முதல்ல, பிறகு ரெண்டு நுனி.

பசை உள்ளே தங்குறதுக்கு இன்னொரு வழி, டாங்கோட முகத்தையும் கட்டையோட உள்முகத்தையும் நடுவுல லேசா குழிவு எடுத்து விடுறது. ஓரம் சுத்தி 5 மிமீ விட்டுட்டு உள்பகுதியை 0.2, 0.3 மிமீ சுரண்டினா, ஓரம் நல்லா கடிச்சு உக்காரும், கோடு தெரியாது, உள்ளே பசைக்கு இடமும் இருக்கும். உள்முகம் தட்டையா இருக்கான்னு பார்க்க கண்ணாடித் துண்டு மேல 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அது மேல கட்டையை வச்சுத் தேய்ங்க. அப்புறம் டாங்கோட சேர்த்துப் பிடிச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. முடி அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் ஓரத்துல பசைக்கோடு தெரியும்.

ஒட்டுற முகம் வழவழன்னு இருக்கக்கூடாது. இரும்பை 60 இல்ல 80 நம்பர் தாளால எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்கும் கீறுங்க, மரத்தை 80ல. தூசியைத் தட்டிட்டு சுத்தமான அசிட்டோன்ல வெள்ளைத் துணியை நனைச்சுத் துடைக்கணும், துணியில கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதுல எண்ணெய் கலந்திருக்கும். சாதா தின்னரும் நம்பிக்கையில்ல. ஈட்டியும் தேக்கும் எண்ணெய் மரம். துடைச்சு 15, 20 நிமிஷத்துக்குள்ள பசை போட்டுரணும், இல்லைன்னா உள்ளே இருக்கிற எண்ணெய் திரும்ப மேலே வந்துரும். துடைச்ச பிறகு விரல் படாம பாத்துக்கிடுங்க.

இதுக்கு முன்னாலயே முடிக்க வேண்டிய ஒண்ணு, கட்டையோட முன்முகம், அதாவது அலகுப் பக்கம் இருக்கிற நுனி. ஒட்டின பிறகு அங்க உப்புத்தாள் போனா அலகைக் கீறாம முடியாது. டாங் இல்லாம ரெண்டு கட்டையையும் 8 மிமீ நீளத்துல வெட்டுன குட்டிப் பின் வச்சு ஒண்ணோட ஒண்ணு மாட்டி, முன்முகத்தைச் சேர்த்தே சரிவு எடுத்து 600 நம்பர் வரைக்கும் மெருகேத்திருங்க. அப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

ஒட்டும்போது அலகு முழுக்க மாஸ்கிங் டேப். வெளியே வழியுற பசையை, முன்முகத்துல மட்டும், ஸ்பிரிட்ல நனைச்ச காது குடையுற பஞ்சுக் குச்சியால உடனே எடுத்துருங்க. அரை மணிக்கு ஒருக்க திரும்பப் போய் பாருங்க, மெதுவா கசியும். ஓரத்துல வழியுறதைத் தொடாதீங்க, எப்படியும் அரம் போடுவீங்க. 24 மணி நேரம் கழிச்சு கிளாம்ப் எடுங்க, உருவம் எடுக்கிறது மறுநாள்.

பசையில துளி விளக்குக்கரி கலந்தா ஈட்டியில கோடு சுத்தமா மறைஞ்சுரும். துளின்னா துளிதான், கத்தி நுனியில எடுக்கிற அளவு. கூடுனா பலம் போகும்.

---

மேலக்காத்து எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு எதிர்க்கருத்து. மறைபின் அடுக்களைக் கத்திக்கு, பழம் நறுக்குற கத்திக்கு, மேசையில வைக்கிற கத்திக்கு. தேங்காய் உடைக்க, எலும்பு வெட்ட, விறகு பிளக்கன்னு போனா ஆகாது. இதைப் பார்த்துட்டு யாரும் வெட்டுக்கத்திக்கு முயற்சி பண்ணிராதீங்க. ரிவிட்டுத் தலை அடிச்ச பின், பசை மொத்தமும் செத்தாலும் கட்டையைப் பிடிச்சு நிறுத்தும். மறைபின் பசையை நம்பித்தான் நிக்குது.

சொல்லப்போனா பின் தெரியாத பிடி நமக்கு ஒண்ணும் புதுசில்ல. நம்ம அருவாள் பிடியில எங்க பின் தெரியுது? டாங் ஒல்லியாப் போய் ஒரே கட்டைக்குள்ள இறங்கியிருக்கும், முன்னால இரும்புப் பூண். சிலதுல வால் நுனியை அடியில வெளியே எடுத்து மடக்கி அடிச்சிருப்பாங்க. மரம் வெடிக்க விடாம பூண் பிடிக்குது, உருவ விடாம மடிப்பு பிடிக்குது. பசை ரெண்டாம்பட்சம். ஆனா 24 மிமீ அகல டாங்கை அப்படி ஆக்க ரெண்டு பக்கமும் நிறைய அறுக்கணும், இந்தக் கத்திக்கு அது தேவையில்ல.

உங்களுக்கு மரம் மட்டும் தெரியணும், பலமும் வேணும்னா நடுவழி ஒண்ணு இருக்கு: உள்ளே போல்ட், மேல மரத் தக்கை. எம்3 (3 மிமீ) போல்ட், தலையோட அடி தட்டையா உள்ளது, 12 மிமீ நீளம். 10 மிமீ கட்டையில வெளிப்பக்கத்துல இருந்து 7 மிமீ விட்டத்துல 7 மிமீ ஆழத்துக்குத் தட்டையான அடியோட குழி. அடியில 3 மிமீ மரம் மிஞ்சும், அதுல 3 மிமீ ஓட்டை. போல்ட் தலை 2.4 மிமீ, நட்டும் 2.4. டாங் 3.5, ரெண்டு பக்க மரம் 6, நட்டு 2.4, கூட்டுனா 11.9. கணக்கு சரியா வரும். பசையோட சேர்த்து முறுக்கி, மேல மீதி 4.6 மிமீ குழியில தக்கை. உருவம் எடுத்து 2 மிமீ போனாலும் தக்கை 2.6 மிமீ நிக்கும்.

தக்கையை வட்டக் குச்சியில இருந்து வெட்டாதீங்க. குச்சியோட முனை வெட்டுமுகம் எண்ணெயைக் குடிச்சு கறுத்துரும், எட்டி நின்னாலே புள்ளி தெரியும். அதே கட்டையோட மிச்சத் துண்டுல, பக்கவாட்டு முகத்துல இருந்து பிளக் கட்டரால (தக்கை வெட்டுற பிட்டு) 7 மிமீ தக்கை எடுத்து, ரேகையைப் பிடியோட ரேகைக்கு நேரா திருப்பி வச்சு ஒட்டுங்க. ஈட்டியில கறுப்பு வரி நடுவுல ஓடுற இடத்தைத் தவிர்த்து குழி போட்டா, எண்ணெய் போட்ட பிறகு தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

வேலை ரெட்டிப்பு, ஒத்துக்கிடுதேன். 7 இஞ்ச் அடுக்களைக் கத்திக்கு நான் மறைபின்னையே சொல்லுவேன். இது கனமான கத்தி வச்சிருக்கிறவங்களுக்கு.

---

பொருநைக்கரை எழுதியது:

கனமான வேலை ஒண்ணும் கிடையாது, காய்கறி, மீன் அவ்வளவுதான். மறைபின்னே போறேன். பனங்கை பத்தி யாரும் சொல்லலையே?

---

ஓடைமரம் எழுதியது:

பனங்கை பார்க்க அள்ளும், கறுப்பு நார் வரி ஈட்டியை விட அழகு. ஆனா முதல் வேலைக்கு அதை எடுக்காதீங்க. மத்த மரம் மாதிரி வளையமா வளர்றது இல்ல அது. கம்பி மாதிரி கடினமான கறுப்பு நார், நடுவுல பஞ்சு மாதிரி மெதுவான சதை, ரெண்டும் கலந்து நிக்குது. பிட்டு நாரை மோதினா சதைப் பக்கம் வழுக்கும். 4 மிமீ மூடிய ஓட்டை வட்டமா வராது, ஓரத்துல நார் பிஞ்சு தூக்கும். உப்புத்தாள் போட்டா சதை குழிஞ்சு நார் மேடு கட்டும், அதனால பின்னால துண்டுக் கட்டை வச்சுத்தான் தேய்க்கணும், விரலால தேய்ச்சா அலை அலையாயிரும்.

செய்யுறதா இருந்தா மரத்தோட வெளிப்பக்க ஓரத்துல இருந்து, கறுப்பு நார் நெருக்கமா இருக்கிற வைரப் பகுதியா எடுங்க. உள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது பிடிக்கு உதவாது. ஒட்டுறதுக்கு முன்னால உள்முகத்துல மெல்லிசா எப்பாக்சி ஒரு பூச்சு பூசி, முழுக்க இறுகவிட்டு, தேய்ச்சு, அதுக்கு மேல ரெண்டாவதா ஒட்டுங்க. இல்லைன்னா சதை பசையைக் குடிச்சுட்டு ஒட்டுற இடம் வறண்டு போகும். நார் முனை விரல்ல ஏறுனா சீழ் வைக்காம விடாது, கையுறையும் முகமூடியும் போட்டுக்கிடுங்க. ஈட்டித் தூளும் மூக்குக்கு ஆகாது.

மரம் காய்ஞ்சிருக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய கட்டில் கால், பழைய பனங்கை ரெண்டும் வருஷக்கணக்கா காய்ஞ்சது, கவலையில்ல. ஆனா செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மில்லுல புதுசா அறுத்த துண்டு வாங்குறவங்க கவனிக்கணும். ஆனி, ஆடியில அங்க சாரல், அதே நேரம் இங்க திருநெல்வேலியில மேல்காத்து மரத்தை உறிஞ்சி எடுக்கும். அங்க இருந்து வந்த கட்டையை உடனே ஒட்டுனா, சுருங்கி டாங்கோட ஓரம் வெளியே துருத்தும். ஐப்பசி மழையில திரும்ப ஊதும். 25 மிமீ அகலத்துக்கு கால் மிமீ அசைஞ்சாலே பெருவிரல்ல படி தட்டுப்படும். 10 மிமீக்கு அறுத்த கட்டையைக் காத்தாடுற இடத்துல குறுக்குக் குச்சி வச்சு அடுக்கி, வாரத்துக்கு ஒருக்க சமையல் தராசுல நிறுங்க. ரெண்டு வாரம் எடை மாறாம நின்னா ஒட்டலாம்.

தண்ணி விஷயத்துல கடைசிக் காப்பு எண்ணெய்தான். வேகவச்ச ஆளி எண்ணெய் மெல்லிசா பூசி, 20 நிமிஷம் கழிச்சு மிச்சத்தைத் துடைச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 தடவை. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்கும், சிக்கு வாடை வரும். துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க.

---

லேத்துக்காரன் எழுதியது:

இன்னொண்ணு விட்டுப்போச்சு. உருவம் எடுக்கும்போது சூடு. அரமும் கையால போடுற உப்புத்தாளும்னா பிரச்சினையே இல்ல. பெல்ட் கிரைண்டர், ஆங்கிள் கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க்னா ஜாக்கிரதை. இந்தப் பசை 60, 70 டிகிரிக்கு மேல மெதுவாயிரும், மரத்தை விட டாங்தான் சீக்கிரம் சூடாகும், சூடு நேரா பசைக்குப் போகும். டாங் ஓரத்தை வெறும் விரலால தொட்டுக்கிட்டே இருங்க. தொட முடியாத சூடு வந்துச்சுன்னா நிறுத்துற நேரம் தாண்டிப்போச்சு. தண்ணியில முக்குறதை விட ஈரத்துணியால ஒத்தி எடுங்க. பிடி முடிஞ்ச கத்தியை வெயில்ல நிறுத்துன கார் டேஷ்போர்டு மேல வைக்காதீங்க, அதே கதைதான்.

---

பொருநைக்கரை எழுதியது:

சரி அண்ணாச்சி. ஒருவேளை ஒட்டினது கோணலா வந்துட்டா கழட்ட முடியுமா? இல்ல ஓட்டை போடும்போது மேல் முகம் வரைக்கும் பிட்டு வந்துட்டா அந்தக் கட்டை போச்சா?

---

லேத்துக்காரன் எழுதியது:

கழட்டலாம். அலகை ஈரத்துணியில சுத்தி வைஸ்ல பிடிச்சுக்கிட்டு, டாங் ஓரத்துல ஹீட் கன் காட்டுங்க, 110, 120 டிகிரிக்கு வந்தா பசை ரப்பர் மாதிரி ஆகும். பின் நுனியில மெல்லிய உளியை வச்சு லேசா தட்டுனா பிரியும். நெருப்பு நேரா காட்டாதீங்க, மரம் கருகும். பட்டை இரும்போட பதம் 180க்கு மேலதான் இறங்க ஆரம்பிக்கும், ஆனா முனை மெல்லிசா இருக்கிறதால சட்டுன்னு ஏறிரும், துணி காய்ஞ்சா திரும்ப நனைங்க. மறைபின் உள்ள கட்டையைப் பக்கவாட்டுல தள்ளக்கூடாது, நேரா மேல தூக்கணும். தள்ளுனா ஓட்டை வாய் பிளக்கும்.

பிட்டு மேல வந்துட்டா கட்டை போகல. கட்டை 10 மிமீலதானே இருக்கு, உருவம் எடுக்கும்போது மேல 2 மிமீ போறதால சின்ன நுனித் துளைன்னா அதோட மறையாது, பெருசாத்தான் ஆகும். அதனால அந்த இடத்தை 7 மிமீக்கு அகலமாக்கி, மேலக்காத்து சொன்ன மாதிரி ரேகை பார்த்துத் தக்கை போட்டு ஒட்டிருங்க. தக்கை இறுகின பிறகு உள்பக்கத்துல இருந்து திரும்ப 5.5 மிமீ ஆழத்துக்கு ஓட்டை. இந்தத் தடவை காலர் போட்டு.

---

ஆசாரிப்பட்டறை எழுதியது:

தக்கை போடுறதா இருந்தா ரெண்டு கட்டையிலயும் அதே இடத்துல போடுங்க. ஒரு பக்கம் மட்டும் ரேகை ஒரு துளி மாறி நின்னா கண் அங்கயேதான் போகும்.